அம்மாவின் தோளில் இருக்கும் மூன்றாவது பெண்

வேலைக்காக இரண்டு வருடம் பெர்லினில் இருந்தேன். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே சுற்ற முடியாது. அருங்காட்சியகங்களே கதி. அங்குள்ள நொயெஸ் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் எகிப்திய ராணி நெஃபர்டீட்டியின் மார்பளவுச் சிலையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அதற்குத் தனி அறை, படம் எடுக்க விடாத காவலர்கள். முதல் தடவை நானும் அதற்காகத்தான் போனேன். ஆனால் அடுத்தடுத்த வாரங்களில் என்னைத் திரும்பத் திரும்ப வரவழைத்தது வேறொன்று. அதே ராணியின் குடும்பத்தைச் செதுக்கிய ஒரு சின்னச் சுண்ணாம்புக்கல். அகலம் ஒரு முழம்கூட வராது.

கல்லின் இடப்பக்கம் அரசர் அக்கெனாத்தன் உட்கார்ந்திருக்கிறார். மூத்த மகள் மெரிட்டாத்தனைத் தூக்கி முத்தமிடுகிறார். எதிரே நெஃபர்டீட்டி. அவள் மடியில் இரண்டாமவள் மெக்கட்டாத்தன், அப்பா பக்கம் கையை நீட்டி, முகத்தை அம்மாவிடம் திருப்பி என்னவோ சொல்கிறாள். மூன்றாமவள் கைக்குழந்தை. அம்மாவின் தோளோடு ஒட்டிக்கொண்டு, கிரீடத்திலிருந்து தொங்கும் நாக வடிவத் தொங்கலை எட்டிப் பிடிக்கிறாள். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு, காதில் ஜிமிக்கியும் போட்டிருந்த யாருக்கும் அந்தக் கையைத் தெரியும். வலிக்கும், விடாது.

அந்த மூன்றாவது பெண்ணின் பெயர் அங்கெசென்பாத்தன். ‘ஆத்தனால் வாழ்பவள்’ என்று பொருள். அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றிலிருந்தே மனதில் இருந்தது. பழைய எகிப்தில் ஓர் அரசகுமாரியாக இருப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால், எனக்கு இவள் வாழ்க்கைதான் ஞாபகம் வரும்.

கி.மு. 1353 வாக்கில் பட்டத்துக்கு வந்தவர் அவள் அப்பா. எகிப்து ஏராளமான கடவுள்களைக் கும்பிட்ட நாடு. தலைமைக் கடவுளாக இருந்தவர் தீப்ஸ் நகரத்து அமுன். அக்கெனாத்தன் அவரைத் தள்ளிவிட்டு, வானத்துச் சூரிய வட்டான ஆத்தனை மட்டும் வணங்கச் சொன்னார். ஆட்சியின் 5-ஆம் ஆண்டில், இன்றைய கெய்ரோவுக்குத் தெற்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டரில், நைல் நதியின் கிழக்குக் கரையில், யாருமே குடியிருக்காத வெறும் நிலத்தில் அக்கெட்டாத்தன் என்ற புதுத் தலைநகரைக் கட்டத் தொடங்கினார். இன்று அந்த இடத்துக்கு அமர்னா என்று பெயர். அங்கெசென்பாத்தன் வளர்ந்தது அந்த ஊரில்தான். பச்சைச் செங்கல்லின் ஈரம் காயாத ஊர் அது.

பெர்லின் கல்லைப் பார்க்கும்போது முதலில் தோன்றுவது, எவ்வளவு பாசமான குடும்பம் என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் மேலே பார்த்தேன். படத்தின் உச்சியில் சூரிய வட்டு. அதிலிருந்து இறங்கும் கதிர்களின் நுனியில் குட்டிக் குட்டிக் கைகள். அரசர், அரசி மூக்குக்கு நேரே வரும் கைகள் மட்டும் உயிரின் சின்னத்தை நீட்டுகின்றன. குழந்தைகளுக்கு அது கிடையாது. கடவுளிடமிருந்து உயிர் பெற்றோருக்கு வருகிறது, பெற்றோரிடமிருந்துதான் மற்றவர்களுக்கு. இந்த மாதிரிக் கற்கள் அமர்னாவில் அதிகாரிகளின் வீடுகளில் பூஜை மாடங்களில் இருந்தவை. ஒரு வீட்டில் காலையில் எழுந்து கும்பிட்ட படத்தில் இந்தக் குழந்தை இருந்தாள். நாகத் தொங்கலைப் பிடித்திழுக்கும் அந்தக் குறும்பும் வழிபாட்டின் பகுதி. ஆத்தன் படைப்பவர், அரச தம்பதி பெற்றெடுப்பவர்கள், அதற்குச் சாட்சி மகள்கள். பேசத் தெரிவதற்கு முன்பே அவளுக்கு ஒரு வேலை வந்துவிட்டது. மகளாக இருப்பதுதான் அந்த வேலை.

அவர்கள் பெயர் எழுதும் விதமே இதைச் சொல்லிவிடும். மகள்களின் உருவத்துக்குப் பக்கத்தில் வெறும் பெயர் மட்டும் இருக்காது. ‘அரசரின் உடலில் பிறந்த மகள், அவர் அன்புக்குரியவள், அங்கெசென்பாத்தன், பேரரசி நெஃபர்டீட்டி ஈன்றவள், அவள் என்றென்றும் வாழ்க’ என்று நீண்ட வாசகம் வரும். நம்மூர்க் கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் பெயருக்கு முன்னால் இன்னாரின் பேத்தி, இன்னாரின் கனிஷ்ட குமாரி என்று வந்து, கடைசியில்தான் அவள் பெயர் வருமே, அந்த வரிசைதான். இங்கே பெயர் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் அம்மா. அமர்னாவைச் சுற்றியுள்ள பாறைகளில் எல்லைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதில் அரசர் செய்யும் சபதங்களில் ஒன்று, தானும் நெஃபர்டீட்டியும் மகள் மெரிட்டாத்தனும் எங்கே இறந்தாலும் இந்த ஊருக்குக் கொண்டுவந்து புதைக்க வேண்டும் என்பது. மெரிட்டாத்தன் அப்போது சிறுமி. அவள் சமாதி எந்த மலையில் என்பது அதற்குள் கல்லில் ஏறிவிட்டது.

குழந்தைப் பருவம் எப்படி இருந்திருக்கும்? அரசகுமாரியைப் பெற்றவள் அரசி, வளர்த்தவள் செவிலித்தாய். அங்கெசென்பாத்தனின் செவிலித்தாய் பெயர் தியா. ஒரு கட்டடக் கல்லில் அவள் பெயர் தப்பிப் பிழைத்திருக்கிறது. அரசகுமாரியை வளர்ப்பது பெரிய பதவி. ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால் ஹட்ஷெப்சூட் அரசியின் மகள் நெஃபெரூரேயை வளர்க்கும் பொறுப்பு செனென்மூட் என்ற அதிகாரிக்கு இருந்தது. அதை ஊருக்குச் சொல்ல அவர் வைத்துக்கொண்ட சிலைகளில் சிலவற்றைப் பார்த்தால் சதுரக் கல் போலத்தான் தெரியும். போர்வைக்குள் முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருப்பார். அவர் முகவாய்க்குக் கீழே, அந்தப் போர்வையிலிருந்து குழந்தையின் தலை மட்டும் எட்டிப் பார்க்கும்.

அமர்னாவின் சிறுமிகளைச் சிற்பிகள் மழித்த தலையோடு, பக்கவாட்டில் ஒற்றைப் பின்னல் தொங்கக் காட்டுகிறார்கள். சின்ன வயதில் உடம்பில் துணி இருக்காது, நகை இருக்கும். தலையைப் பின்பக்கமாக நீட்டி வரைவது அந்தக் காலப் பாணி. கெய்ரோவுக்கு ஒருமுறை போனபோது, பழைய அருங்காட்சியகத்தில் நான் தேடிப் பார்த்தது அமர்னாவின் வடக்கு அரண்மனையில் கிடைத்த ஒரு சுண்ணாம்புக்கல் துண்டு. பெயர் எழுதப்படாத ஒரு குட்டி அரசகுமாரி மெத்தையில் உட்கார்ந்து, முழு வாத்தைக் கையில் பிடித்து வாயில் வைத்திருக்கிறாள். முழுதும் முடிக்காத வேலை. கறுப்பு மைக் கோடுகள் இன்னும் தெரிகின்றன. எகிப்தியக் கலை அரச குடும்பம் சாப்பிடுவதைக் காட்டியதே அரிது. அந்தப் பெண் ஒரு கையால் வாத்தைப் பிடித்திருக்கும் உறுதியைப் பார்த்தால், யாராவது கேட்டால் தரமாட்டாள் என்று தெரியும்.

அவர்கள் எழுதவும் வண்ணம் தீட்டவும் கற்றிருக்க வேண்டும். மெரிட்டாத்தன் பெயர் பொறித்த தந்த வண்ணத்தட்டு, பின்னாளில் அங்கெசென்பாத்தனின் கணவனான அரசன் துட்டன்காமுனின் சமாதியில் இருந்தது. மெக்கட்டாத்தன் பெயருள்ள தந்தத் தட்டு இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அக்காவின் தட்டு ஏன் தங்கை கணவனின் சமாதிக்குள் போனது என்று நினைத்துப் பார்ப்பேன். வீட்டில் மிஞ்சிய பொருளைத் தூக்கி எறிய மனம் வராமல் யாரோ உள்ளே வைத்த மாதிரி எனக்குத் தோன்றும்.

அரண்மனையின் தரையே ஓவியம். பூசிய சாந்தின்மேல் தாமரைக் குளம், நாணல், பறந்து எழும் வாத்துகள், துள்ளும் கன்றுக்குட்டிகள். நடுவே அரசர் நடக்கும் பாதையில் மட்டும் கைகள் கட்டப்பட்ட எதிரிகளின் உருவங்கள், மிதித்து நடப்பதற்காக. 1891-ல் அந்தத் தரையைத் தோண்டி எடுத்த ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, வண்ணம் உதிராமல் இருக்க மரவள்ளி மாவைக் கரைத்த நீரைத் தன் விரலாலேயே அங்குலம் அங்குலமாகத் தடவினார். இதைப் படித்தபோது அந்த மனிதர்மேல் பெரிய மரியாதை வந்தது. அவ்வளவு பாடுபட்டும், 1912-ல் கோபம் கொண்ட ஒரு விவசாயி அதை உடைத்துப் போட்டார். துண்டுகள்தான் மிஞ்சின. அந்தச் சிறுமிகள் ஓடி விளையாடிய தரை அது. கட்டுண்ட மனிதர்களின் படத்தைத் தாண்டிக் குதித்துத்தான் வாத்துகள் இருக்கும் பக்கம் போயிருப்பார்கள்.

சரி, இந்த ஊரை எழுப்பியவர்களின் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அமர்னாவில் வடக்குச் சமாதிகளுக்கு அருகே ஏழைகளின் இடுகாடு ஒன்றைத் தோண்டியிருக்கிறார்கள். அங்கே கிடைத்த எலும்புகளில் பெரும்பாலானவை 7 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்டவர்களுடையவை. குழந்தை வயதிலேயே பாரம் தூக்கித் தேய்ந்த மூட்டுகள், முறிந்த முதுகெலும்புகள். பாயில் சுற்றிய உடல்கள், கூடவே வைத்த பொருள் என்று எதுவும் இல்லாத குழிகள். அரசகுமாரிக்கும் பதினைந்து வயது, கல் சுமந்த பெண்ணுக்கும் பதினைந்து வயது. இரண்டு பேரும் அதே வெயிலில், ஒரு நடை தூரத்தில் இருந்தார்கள். அங்கெசென்பாத்தனின் துயரத்தை எழுதும்போது அந்தப் பாய்கள் எனக்குக் கண்ணில் நிற்கின்றன. அவற்றை மறைத்துவிட்டு இவளுக்கு மட்டும் அழுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எகிப்திய அரசகுமாரிக்கு வெளிநாட்டில் கல்யாணம் கிடையாது. அது அந்த நாட்டின் கர்வம். மற்ற நாட்டு ராஜாக்களின் மகள்கள் எகிப்துக்கு வருவார்கள். அவள் தாத்தா மூன்றாம் அமென்ஹோடெப்புக்கு மிட்டன்னி நாட்டு இளவரசி கிலுகெப்பா வந்தபோது கூடவே 317 பெண்கள் பரிவாரமாக வந்தார்கள். ஆனால் போகிறவர்கள் யாரும் இல்லை. பாபிலோனிய அரசர் கடாஷ்மன் என்லில், உங்கள் மகளை எனக்குக் கொடுங்கள் என்று அதே அமென்ஹோடெப்பிடம் கேட்டார். ஆதிகாலம் தொட்டு எகிப்து அரசரின் மகள் யாருக்கும் கொடுக்கப்பட்டதில்லை என்று பதில் வந்தது. அதற்கு அவர் எழுதியதை என்னால் மறக்க முடியவில்லை. சரி, அழகான வேறொரு பெண்ணையாவது அனுப்புங்கள், இவள் ராஜா மகள் இல்லை என்று யார் சொல்லப்போகிறார்கள் என்று கேட்கிறார். களிமண் பலகைகளில் எழுதிய இந்தக் கடிதங்கள் 1887-ல் அமர்னாவில்தான் கிடைத்தன. அரசகுமாரி என்பவளின் முகம் அங்கே யாருக்கும் தெரியாது, முகம் தேவையும் இல்லை. தேவைப்பட்டது அந்தப் பட்டம் மட்டும்.

அதே கடிதக் குவியலில் மெரிட்டாத்தனும் வருகிறாள், மாயாத்தி என்ற செல்லப்பெயர் போன்ற வடிவில். பாபிலோனின் அடுத்த அரசர்களில் ஒருவரான புர்னா புரியாஷ், உங்கள் மகள் மாயாத்தியைப் பற்றிக் கேள்விப்பட்டேன், அவளுக்கு நீலக்கல்லில் வெட்டுக்கிளி போலச் செதுக்கிய மணிமாலை அனுப்புகிறேன், மணிகள் 1048 என்று எழுதுகிறார். எண்ணித்தான் அனுப்பியிருக்கிறார். வழியில் ஒன்று குறைந்தாலும் தெரிந்துவிட வேண்டும் என்று.

ஆட்சியின் 12-ஆம் ஆண்டில் ஒரு பெரிய விழா நடந்தது. எல்லாத் திசைகளிலிருந்தும் தூதுவர்கள் காணிக்கையோடு வந்தார்கள். இரண்டாம் மெரிரே என்ற அதிகாரியின் சமாதிச் சுவரில் அந்தக் காட்சி இருக்கிறது. அப்போது மகள்கள் ஆறு பேர். மெரிட்டாத்தன், மெக்கட்டாத்தன், அங்கெசென்பாத்தன், அம்மாவின் இன்னொரு பெயரையே கொண்ட சின்ன நெஃபர்நெஃபெருஆத்தன், நெஃபர்நெஃபெரூரே, செட்டெபென்ரே. மேடையில் பெற்றோருக்குப் பின்னால் ஆறு பேரும் நிற்கிறார்கள். கீழே உலகமே மண்டியிட்டுக் கொண்டிருக்கிறது. ஐந்தாமவள் கையில் ஒரு மான்குட்டி. கடைசிப் பெண் செட்டெபென்ரே விழாவைப் பார்க்கவில்லை, கையை நீட்டி அந்த மான்குட்டியைத் தொடுகிறாள். வரைந்தவர் அதைக் கவனித்திருக்கிறார். மணிக்கணக்கில் நிற்கவைத்த குழந்தைக்கு வேறு என்ன செய்யத் தோன்றும்?

அதற்குப் பிறகு வரிசை குறைகிறது.

அரசர் தன் குடும்பத்துக்காகக் குடைந்த சமாதியில் மெக்கட்டாத்தனுக்கு ஓர் அறை உண்டு. சிதைந்துபோன அந்தச் சுவர்களில் அவள் உடல் கட்டிலில் கிடக்கிறது. அரசரும் அரசியும் குனிந்து தலையில் கை வைத்து அழுகிறார்கள். அறைக்கு வெளியே ஒரு செவிலி கைக்குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகிறாள், பின்னால் விசிறி பிடிப்பவர்கள். அது மெக்கட்டாத்தனின் குழந்தை, அவள் பிரசவத்தில் இறந்தாள் என்கிறவர்கள் உண்டு. அவளே மறுபிறவி எடுத்ததாகக் காட்டும் உருவம் என்கிறவர்களும் உண்டு. எப்படியானாலும், பெர்லின் கல்லில் அம்மா மடியில் உட்கார்ந்து அப்பாவைக் கைகாட்டியவள் பத்துப் பன்னிரண்டு வயதை அதிகம் தாண்டியிருக்கமாட்டாள். இன்னொரு சுவரில் மெக்கட்டாத்தன் கொடிகள் சுற்றிய பந்தலுக்குள் நிற்கிறாள். எதிரே பெற்றோர், அவர்களுக்குப் பின்னால் சகோதரிகள். எண்ணிப் பார்த்தால் மூன்று பேர்தான். மான்குட்டி வைத்திருந்தவளும் அதைத் தொட்டவளும் அங்கே இல்லை.

பாரோவை அழுதபடி காட்டும் வழக்கம் எகிப்தில் கிடையாது. அவர் கடவுளின் வடிவம், வெற்றி பெறுபவராகவே எப்போதும் நிற்க வேண்டும். அக்கெனாத்தன் எத்தனையோ கொடுமைகளுக்குப் பொறுப்பானவர், அந்த இடுகாட்டுக் குழந்தைகள் அவருடைய அவசரத்தின் விலை. இருந்தும் தன் மகளின் சாவை மறைக்காமல் சுவரில் செதுக்கச் சொன்ன தகப்பன் அவர். இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்திருக்கிறேன்.

அங்கெசென்பாத்தன் அப்போது தன் வயதுக்கு மிக அருகில் இருந்த அக்காவை இழந்தவள். அப்பா 17-ஆம் ஆண்டில் இறந்தார். மெரிட்டாத்தன் அடுத்து வந்த ஸ்மென்க்காரேயின் பட்டத்தரசி ஆனாள், அவளும் சீக்கிரம் காணாமல் போனாள். இடையில் இன்னொன்றும் நடந்தது. அக்கெனாத்தனுக்குப் பிரியமான இன்னொரு மனைவி கீயா. அவள் பெயரும் உருவமும் இருந்த சுவர்களில் அவற்றைச் செதுக்கி எடுத்துவிட்டு, மெரிட்டாத்தன் பெயரையும் அங்கெசென்பாத்தன் பெயரையும் மேலே எழுதினார்கள். பெயர் என்பது ஆளின் ஒரு பகுதி, அது அழிந்தால் மறுமையிலும் அவர் இல்லை என்று நம்பிய மக்கள் அவர்கள். ஒருத்தியின் அழிவின்மேல்தான் இன்னொருத்தியின் பெயர் உட்கார்ந்தது. அந்தச் சிறுமி கேட்டு அது நடந்திருக்காது.

அப்புறம் அவள் முறை வந்தது. எட்டு, ஒன்பது வயதில் ஒரு பையன் அரசனானான். பெயர் துட்டன்காத்தன். அவளுக்குத் தம்பி முறை, அவளைவிடச் சில வயது இளையவன். அவனுக்கு அரசாளும் உரிமையை உறுதிசெய்ய அரசியின் வயிற்றில் பிறந்த மகள் பக்கத்தில் வேண்டும். அவளை மணமுடித்தார்கள். எகிப்திய அரச குடும்பத்தில் இது புதிதல்ல. அவள் அத்தை சிட்டாமுன், தன் தந்தை மூன்றாம் அமென்ஹோடெப்புக்கே பேரரசிப் பட்டம் பெற்றவள். நம் மனம் இதைக் கேட்டுக் கூசுகிறது, கூசட்டும். அரச ரத்தம் வெளியே போகக் கூடாது என்ற ஒரே கணக்கில் அந்தப் பெண்களின் வாழ்க்கை முடிவாகியது.

பழைய கடவுள்கள் திரும்பினார்கள். துட்டன்காத்தன் துட்டன்காமுன் ஆனான். அங்கெசென்பாத்தன் அங்கெசெனாமுன் ஆனாள், ‘அமுனால் வாழ்பவள்’. அப்பா எந்தக் கடவுளின் பெயரை ஊர் ஊராக உளிவைத்து வெட்டச் சொன்னாரோ, அந்தப் பெயர் இப்போது மகள் பெயருக்குள் வந்துவிட்டது. துட்டன்காமுனின் தங்கச் சிம்மாசனத்தில் இரண்டு வகைப் பெயர்களும் இருக்கின்றன, ஓர் இடத்தில் ஆத்தன், ஓர் இடத்தில் அமுன். அதன் சாய்வுப் பலகையில் ஆத்தனின் கதிர்க் கைகளுக்குக் கீழே அவன் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். அவள் குனிந்து, கையிலிருந்த கிண்ணத்துத் தைலத்தை அவன் தோளில் பூசுகிறாள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அதே சமாதியில் கிடைத்த சின்னத் தங்கப் பெட்டகம். அதன் பக்கங்கள் முழுக்க இந்த இருவர்தான். ஒன்றில் அவன் நாற்காலியில் உட்கார்ந்து வாத்துகள்மேல் அம்பு விடுகிறான். அவள் காலடியில் மெத்தையில் உட்கார்ந்து அடுத்த அம்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, இன்னொரு கையால் பறவைகளைக் காட்டுகிறாள். இன்னொன்றில் அவன் குடுவையைச் சாய்க்க, அவள் உள்ளங்கையைக் குவித்து ஏந்துகிறாள், முழங்கையை அவன் முழங்கால்மேல் ஊன்றிக்கொண்டு. இதுவும் வழிபாட்டுக்கான படம்தான், ஒவ்வொரு அசைவுக்கும் சமய அர்த்தம் உண்டு என்று அறிஞர்கள் சொல்வது எனக்குத் தெரியும். ஆனாலும் ஊன்றிய அந்த முழங்கை ஒரு வீட்டில் கூடவே வளர்ந்தவர்களின் உரிமை. சிற்பி எங்கோ பார்த்திருக்கிறான் என்றே நம்புகிறேன்.

1922-ல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் துட்டன்காமுனின் அந்தச் சமாதியைக் கண்டுபிடித்தார். பொக்கிஷ அறையின் மூலையில் அலங்காரம் இல்லாத ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே தலையும் காலும் மாற்றி அடுக்கிய இரண்டு குட்டிச் சவப்பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் பொன்பூச்சு பூசிய இன்னொரு சவப்பெட்டி, அதற்குள் துணி சுற்றிய உடல். இரண்டும் பெண் சிசுக்கள். ஒன்று ஐந்தாறு மாதக் கரு, மற்றொன்று பிறக்கும் தறுவாயில் இருந்தது. 2010-ல் வெளியான மரபணு ஆய்வு, இவை துட்டன்காமுனின் குழந்தைகளாகவே இருக்க வேண்டும் என்றது. அவனுக்கு நாம் அறிந்த ஒரே மனைவி அங்கெசெனாமுன்.

சவப்பெட்டிகளில் ‘ஓசிரிஸ்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. இறந்த எவருக்கும் பொதுவாக வரும் அடைமொழி அது. வழக்கமாக அடுத்து பெயர் வரும். இங்கே பெயர் இல்லை. அவர்களும் அரசரின் உடலில் பிறந்த மகள்கள்தான். குட்டி முகமூடி ஒன்று செய்திருந்தார்கள். பெரிய சிசுவின் தலைக்கு அது பொருந்தவில்லை போலிருக்கிறது, மிச்சப் பொருள்களோடு வேறொரு குழியில் போட்டுவிட்டார்கள். 1907-ல், சமாதியே கிடைப்பதற்கு 15 ஆண்டுகள் முன்பு, அந்தக் குழியிலிருந்து அது வெளியே வந்தது. அளவு எடுக்க யார் போயிருப்பார்கள், எந்த மனநிலையில் போயிருப்பார்கள் என்று நினைக்கும்போது தொண்டை அடைக்கிறது. குழந்தையை இழந்த வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பெயர் வைக்காத பிள்ளைக்கு எந்தப் பெயரைச் சொல்லி அழுவது என்று அந்த வீட்டுப் பெண்கள் தடுமாறியதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

கி.மு. 1323 வாக்கில், 18, 19 வயதில் துட்டன்காமுன் இறந்தான். வாரிசு இல்லை. அப்போது எகிப்திலிருந்து ஒரு கடிதம், இன்றைய துருக்கியில் இருந்த ஹிட்டைட் பேரரசுக்குப் போனது. அரசர் சுப்பிலுலியூமா கார்க்கெமிஷ் நகரத்தை முற்றுகையிட்டுக் கொண்டிருந்தார். கடிதத்தில் இருந்தது இதுதான். என் கணவர் இறந்துவிட்டார், எனக்கு மகன் இல்லை, உங்களுக்கு நிறைய மகன்கள் என்கிறார்கள், ஒருவரை அனுப்பினால் அவர் எனக்குக் கணவர் ஆவார், என் வேலைக்காரன் ஒருவனை நான் கணவனாக்க மாட்டேன், எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்படியொன்று என் வாழ்நாளில் நடந்ததில்லை என்று சுப்பிலுலியூமா திகைத்துப் போனாராம். இது சூழ்ச்சியா என்று பார்த்து வர ஓர் ஆளை அனுப்பினார். இரண்டாவது கடிதம் கோபத்தோடு வந்தது. என்னை ஏன் சந்தேகப்படுகிறீர்கள்? எனக்கு ஒரு மகன் இருந்திருந்தால், என் அவமானத்தையும் என் நாட்டின் அவமானத்தையும் அயல்நாட்டுக்கு எழுதுவேனா?

இதையெல்லாம் பின்னாளில் பதிவு செய்தவர் சுப்பிலுலியூமாவின் மகன் முர்சிலி. அவருடைய பதிவில் எழுதியவளின் பெயர் இல்லை. ‘தஹமுன்சு’ என்று இருக்கிறது. அது பெயர் அல்ல, ‘அரசரின் மனைவி’ என்ற எகிப்தியப் பட்டம் ஹிட்டைட் வாயில் மருவியது. இறந்த அரசனின் பெயர் துட்டன்காமுனின் பட்டப்பெயரோடு பொருந்துவதால், எழுதியவள் அங்கெசெனாமுன் என்பதே பெரும்பாலானோரின் கருத்து. நெஃபர்டீட்டி என்றும் மெரிட்டாத்தன் என்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் பெரும்பான்மையின் பக்கம்தான். அப்படியானால் பிறந்ததிலிருந்து அப்பாவின் சபதமும் சிற்பியின் உளியும் புரோகிதர்களின் பெயர் மாற்றமுமாகவே நமக்குத் தெரிந்த இந்தப் பெண், தன் சொந்த வாயால் சொன்னதாக நம்மிடம் மிஞ்சியது இந்தக் கடிதங்களின் சில வரிகள்தான். அவற்றில் என்னை விடாதது அந்த ஒரு வார்த்தை. பயமாக இருக்கிறது. எந்த எகிப்து தன் மகளை எவனுக்கும் கொடுக்கமாட்டேன் என்றதோ, அந்த எகிப்தின் மகள் எதிரியின் பிள்ளையைக் கேட்டு எழுதுகிறாள்.

சன்னன்சா என்ற மகனை அனுப்பினார் சுப்பிலுலியூமா. அவன் கொல்லப்பட்டான். பழிவாங்க ஹிட்டைட் படை எகிப்தின் வசமிருந்த ஊர்களைத் தாக்கியது. அங்கே பிடிபட்ட கைதிகளோடு கொள்ளைநோய் ஹிட்டைட் நாட்டுக்குள் வந்து, இருபது ஆண்டுகள் மக்களைக் கொன்றது என்று முர்சிலி தன் பிரார்த்தனைகளில் கடவுள்களிடம் முறையிடுகிறார்.

எகிப்தில் அடுத்து அரசரானவர் அய். வயதானவர், அவள் அப்பா காலத்திலிருந்தே அரண்மனையில் பெரிய அதிகாரி. ஒரு மோதிரத்தில் அய் பெயரும் அங்கெசெனாமுன் பெயரும் அருகருகே பொறித்திருக்கின்றன. அவள் தவிர்க்க நினைத்த கல்யாணம் இதுதான் என்று பலரும் கருதுகிறார்கள். அந்த மோதிரத்துக்குப் பிறகு அவள் பெயர் வரலாற்றில் இல்லை. சில பத்தாண்டுகளில் அப்பா, கணவன், அய் எல்லோருடைய பெயரையும் எடுத்துவிட்டு, மூன்றாம் அமென்ஹோடெப்புக்கு அடுத்தவர் ஹோரெம்ஹெப் என்று அரசர் பட்டியல் எழுதினார்கள்.

அய்யின் சமாதி அரசர் பள்ளத்தாக்கின் மேற்குக் கிளையில் இருக்கிறது. அதன் சுவரில் ஒரு வேட்டைக் காட்சி. நாணல் படகு, பறந்து எழும் பறவைகள், பக்கத்தில் மனைவி. அந்த மனைவி தேய், நெஃபர்டீட்டியைப் பால் கொடுத்து வளர்த்தவள். துட்டன்காமுனின் காலடியில் உட்கார்ந்து அம்பு எடுத்துக் கொடுத்தவள் அந்தப் படகில் இல்லை.